கேபிளைக் கழற்றிவிட்டு விண்டோஸ் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இரண்டு டிரைவ் இருக்கிற கம்ப்யூட்டரில் விண்டோஸ் போடுவது கஷ்டமா?" கஷ்டமே இல்லை என்றுதான் பல வருடங்களாகச் சொல்லி வந்தேன். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, அம்பத்தூரிலேயே வீடு. தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் விண்டோஸ் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். டீ வரும், சில வீடுகளில் பஜ்ஜியும் வரும். டிகிரி வாங்கிய பெருமை வேறு.

அந்தப் பெருமை ஆவடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் போய் முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன். தப்பு என்னுடையது என்பதால் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே தப்பை இப்போது எத்தனையோ வீடுகளில் செய்துகொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தது. இதனால் பழைய கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிச் செருகி, அதில் விண்டோஸ் 11 போட்டுக்கொள்வது பரவலாகிவிட்டது. நல்ல யோசனைதான். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறியாமல் அதே கேபினட்டில் பைல்கள் வைக்கப் பயன்படுத்துவதும் நல்ல யோசனைதான். வம்பு வருவது இந்த இரண்டு நல்ல யோசனைகளும் சேரும் இடத்தில்.

ஸ்டூடியோ வைத்திருப்பவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் அக்கா கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். 2019-இல் வாங்கிய கம்ப்யூட்டர், உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். அதில் சி டிரைவ் 200 ஜிபி, மீதி முழுவதும் டி டிரைவ். டி டிரைவில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வருடவாரியாக போல்டர்கள். 2025 நவம்பரில் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தார். அதுவும் 1 டெராபைட். "தம்பி, ஞாயித்துக்கிழமை வந்து விண்டோஸ் பதினொண்ணு போட்டுக் குடு" என்றார். போனேன். எஸ்.எஸ்.டி.யை மதர்போர்டில் செருகினேன், பென்டிரைவிலிருந்து பூட் செய்தேன், விண்டோஸை எங்கே நிறுவுவது என்று கேட்டபோது காலியாக இருந்த புது டிரைவைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. போட்டோஷாப் திறக்கும் வேகத்தைப் பார்த்து அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரே ஒரு விஷயம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து, விண்டோஸ் 11 வேண்டுமா, விண்டோஸ் 10 வேண்டுமா என்று கேட்டது. பழைய டிஸ்க்கில் பழைய விண்டோஸ் அப்படியே இருப்பதால் கேட்கிறது என்று நினைத்தேன். அதன் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தத் திரை எனக்கு ஒரு சேதி சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாசிக்கவில்லை.

அது என்ன சேதி என்று புரிய, கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நீங்கள் பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள சிறிய புரோகிராம் ஒன்று முதலில் விழிக்கிறது. பழக்கத்தில் நாம் அதை பயாஸ் என்போம். இன்றைய கம்ப்யூட்டர்களில் இருப்பது யு.இ.எப்.ஐ. அதற்கு விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. டிரைவில் இதற்கென்றே ஒதுக்கிய ஒரு சிறிய பார்ட்டிஷனுக்குப் போய், அங்கே இருக்கும் பூட் மேனேஜர் என்னும் பைலை எழுப்பும். அந்தப் பூட் மேனேஜருக்குத்தான் விண்டோஸின் விலாசம் தெரியும். இந்தப் பார்ட்டிஷனுக்கு ஈ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர். விண்டோஸ் உருவாக்கினால் பொதுவாக 100 எம்பி அளவில் இருக்கும். டிரைவ் எழுத்து கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் விண்டோவில் உங்கள் கண்ணுக்கே படாது.

இப்போது கதைக்கு வருவோம். ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க்கில் அப்படி ஒரு பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ் இன்ஸ்டாலர் அதைப் பார்த்ததும், புது எஸ்.எஸ்.டி.யில் இன்னொன்றை உருவாக்காமல், பழையதிலேயே தன் பூட் பைல்களையும் எழுதிவிட்டது. விண்டோஸ் 11 முழுவதும் எஸ்.எஸ்.டி.யில், அதை எழுப்பும் பைல் மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில். புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு, சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டி வைப்பது மாதிரி. இரண்டு வீடும் பக்கத்தில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டு விண்டோஸ் பெயரும் ஒரே நீலத் திரையில் வந்ததே, அதன் காரணமும் இதுதான்: இரண்டு சாவியும் ஒரே ஆணியில்.

இன்ஸ்டாலர் இதை நம்மிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. என் பெரிய வருத்தம் இதில்தான். எந்த டிரைவில் விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிற புரோகிராம், பூட் பைல்களை வேறொரு டிரைவில் போடப் போகிறேன் என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் எழுதும் புரோகிராமில் பயனாளர் தேர்ந்தெடுத்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் எழுதினால், எங்கள் டெஸ்டிங் பிரிவில் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் இது புதுக் கதை இல்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் இதே வழக்கம்தான். எக்ஸ்பியை இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் நிறுவினாலும், என்.டி.எல்.டி.ஆர்., பூட்.ஐ.என்.ஐ. என்ற சிறு பைல்கள் முதல் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் டிஸ்க்கைக் கழற்றியவர்களுக்குக் கறுப்புத் திரையில் என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை என்று வரும். மூத்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த வரியை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு விஸ்டா வந்தது, பைல்களின் பெயர்கள் மாறின, பயாஸ் போய் யு.இ.எப்.ஐ. வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

மைக்ரோசாப்டை மட்டும் சொல்லக்கூடாது. லினக்ஸ் பக்கம் போனாலும் இதே தொல்லை உண்டு. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் பூட் லோடரை எந்த டிரைவில் வைப்பது என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. ஆனால் யு.இ.எப்.ஐ. கம்ப்யூட்டர்களில் நீங்கள் அங்கே எதைச் சொன்னாலும், முதல் டிரைவில் இருக்கும் ஈ.எப்.ஐ. பார்ட்டிஷனிலேயே அது எழுதிவிடும் குறை பல வருடங்கள் தொடர்ந்தது. விண்டோஸ் கேட்பதே இல்லை. இது கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் போகும்.

உண்மையில் இந்தப் பாடம் எனக்குப் பதினான்கு வயதிலேயே கிடைத்தது. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. விழா நடந்தது எங்கள் பக்கத்திலேயே, திருவள்ளூரை அடுத்த காக்களூரில். என் அக்காவுக்கு 2012-இல் ஒன்று கிடைத்தது. அந்த லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது; டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கியது. ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். எனக்குப் படம் பார்க்க இடம் போதவில்லை. விண்டோஸிலிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தேன். அடுத்த முறை ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று நின்றுவிட்டது. விண்டோஸ் பத்திரமாகத்தான் இருந்தது. அதை எழுப்பும் கிரப் லினக்ஸ் பக்கத்தில் இருந்ததால் அதனோடு போய்விட்டது. அக்கா அடித்த அடி நினைவிருக்கிறது. பாடம் மட்டும் நினைவில் நிற்கவில்லை.

2026 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அண்ணன் பூந்தமல்லியில் ஆல்பம் டிசைன் செய்பவரிடம் கொடுப்பதற்காகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தார். அவ்வளவு பெரிய பைல்களை இன்டர்நெட்டில் அனுப்புவதைவிட டிஸ்க்கையே பையில் போட்டுக்கொண்டு போவது அவருக்குச் சுலபம். காலையில் யாரோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வர, கம்ப்யூட்டரை ஆன் செய்திருக்கிறார். பூட் செய்ய எந்த டிவைஸும் இல்லை என்று வந்தது. எனக்கு நான்கு முறை போன் செய்தார். நான் ஆபீஸ் மீட்டிங்கில், போன் சைலண்டில்.

அவருடைய மருமகன், தங்கை மகன், கல்லூரியில் படிக்கிற பையன், வந்து பார்த்தான். "எஸ்.எஸ்.டி. கரப்ட் ஆயிடுச்சு மாமா, மறுபடி விண்டோஸ் போட்டா சரியாயிடும்" என்றான். ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்டினான். அந்த நிமிடம் கம்ப்யூட்டரைச் சும்மா ஆன் செய்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்திருக்கும். ஆனால் அதற்குள் நான் விட்டுவிட்டு வந்த பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்துவிட்டான். இன்ஸ்டாலர் டிரைவ்களின் பட்டியலைக் காட்டியது. டிஸ்க் 0, டிஸ்க் 1. கம்பெனிப் பெயர் இல்லை, எது எஸ்.எஸ்.டி., எது ஹார்ட் டிஸ்க் என்ற குறிப்பும் இல்லை. அளவு மட்டும்தான். இரண்டும் 1 டெராபைட். பெட்டியில் 1 டெராபைட் என்று போட்டிருப்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் வகுத்து வகுத்துக் கணக்கிடுவதால் 931 ஜிபி என்று காட்டும். இரண்டு டிஸ்க்குக்கும் அதே 931 கணக்கு. முதலில் இருப்பதுதான் விண்டோஸ் டிரைவாக இருக்கும் என்று நினைத்து, டிஸ்க் 0-வில் இருந்த பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்தான். சாட்டா கேபிளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு 0 என்ற எண்ணும், எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு அதற்கு அடுத்த எண்ணும் விழுவது சகஜம் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மாலையில் நான் போனபோது விண்டோஸ் புத்தம் புதிதாக ஓடிக்கொண்டிருந்தது. டி டிரைவ் இல்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, எல்லாம் போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை அவசியம் சொல்ல வேண்டும். பார்ட்டிஷன் அழிந்துவிட்டால் பைல்கள் உடனே அழிந்துவிடுவதில்லை. எங்கே எது இருக்கிறது என்ற அட்டவணைதான் போகிறது. அவற்றின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. நான் சொல்வது பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு, எஸ்.எஸ்.டி.யில் அழித்த இடத்தை அந்த டிரைவே உள்ளுக்குள் துடைத்துவிடும் என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இப்படி நேர்ந்தால் முதல் வேலை, கம்ப்யூட்டரை அணைத்து விடுங்கள். மீட்கும் சாப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பலர் பதற்றத்தில் செய்வது அதைத்தான். மீட்க வேண்டிய பைலின் மேலேயே அந்தச் சாப்ட்வேர் போய் உட்காரும்.

டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துவந்து, யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் என் கம்ப்யூட்டரில் இணைத்து, முதலில் அதன் முழு நகலை இன்னொரு பெரிய டிஸ்க்கில் எடுத்தேன். பிறகு டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச சாப்ட்வேரை நகலின் மேல் ஓட்டினேன். 200 ஜிபிக்கு அப்பால் இருந்த பழைய டி டிரைவைப் பெயர்களோடு கண்டுபிடித்துக் கொடுத்தது. புது விண்டோஸ் டிஸ்க்கின் முன்பகுதியில்தான் பெரும்பாலும் எழுதப்பட்டிருந்தது. டி டிரைவ் தப்பியது அதனால்தான். அண்ணனுக்குப் போனில் சொன்னபோது இரவு இரண்டு மணி. அவரும் தூங்கவில்லை.

தப்பாதது பழைய சி டிரைவ். அங்கேதான் புது விண்டோஸ் போய் விழுந்தது. சி டிரைவில் என்ன இருக்கப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்தேன். டெஸ்க்டாப் இருந்தது. டெஸ்க்டாப்பில் நாம் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கேமரா கார்டிலிருந்து அவசரமாக எடுத்துப் போட்ட ஒரு போல்டர் 2025 அக்டோபரிலிருந்து அங்கேயே கிடந்தது. பட்டாபிராமில் ஒரு தம்பதியின் அறுபதாம் கல்யாணம். பெங்களூரில் இருக்கும் மகன் பொங்கலுக்கு வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. கேமரா கார்டை எப்போதோ அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாயிற்று.

போட்டோரெக் என்னும் இன்னொரு இலவச சாப்ட்வேர், பைல் பெயர்களைப் பொருட்படுத்தாமல் படத்தின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும். அது கொடுத்தவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். படத்துக்குள் கேமரா பதித்த தேதியை வைத்து அண்ணனும் நானும் பிரித்தோம். ஆயிரத்துக்கும் மேல் எடுத்த படங்களில் முந்நூறு சொச்சம் முழுதாக வந்தன. இன்னும் சில பாதி வந்தன. மேலே தோரணமும் மாலையும் தெரியும், கீழே சாம்பல் நிறம்.

அந்த வீட்டுக்கு அண்ணனோடு நானும் போனேன். அவராகக் கூப்பிடவில்லை, நான்தான் வருகிறேன் என்றேன். பெரியவர் முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. "எடுத்த அன்னிக்கே ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்திருக்கலாமேப்பா" என்றார். அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டு வந்து வைத்தார். அந்தக் காபியைக் குடிக்க முடியவில்லை.

மருமகன் மேல் பழி போட எனக்கு மனமில்லை. அவன் செய்தது இரண்டாவது தப்பு. நவம்பரில் நான் இரண்டு நிமிடம் செலவழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு விண்டோஸ் போட்டிருந்தால், எஸ்.எஸ்.டி. தன் சாவியைத் தன்னிடமே வைத்திருக்கும். ஜனவரியில் டிஸ்க்கைக் கழற்றினாலும் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். பென்டிரைவுக்கு வேலையே வந்திருக்காது.

ஆகவே என் கருத்து இதுதான். விண்டோஸோ லினக்ஸோ, எதை நிறுவினாலும், நிறுவப் போகும் டிரைவைத் தவிர மற்ற எதுவும் கம்ப்யூட்டரில் இணைந்திருக்கக் கூடாது. கவனமாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. நானும் கவனமாகத்தான் தேர்ந்தெடுத்தேன். இல்லாத டிரைவை மட்டும்தான் எந்த இன்ஸ்டாலராலும் தொட முடியாது.

கேபினட்டைத் திறக்கப் பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கையில் உள்ள நிலைமின்சாரம் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கேபிள் இருக்கும். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. குறுகலானதை மட்டும் கழற்றினாலே போதும். அந்தக் காலத்து ஐ.டி.இ. டிஸ்க் போல மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் மாற்றும் தலைவலி சாட்டாவில் இல்லை. மாட்ட வேண்டியது எம்.2 எஸ்.எஸ்.டி. என்றால் ஒரே ஒரு சிறிய திருகு. விண்டோஸ் நிறுவி, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி டெஸ்க்டாப் வரை வந்த பிறகு, மறுபடி அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கை இணையுங்கள். அதிலும் பழைய விண்டோஸ் இருந்தால், பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் இரண்டு தெரியும். புது எஸ்.எஸ்.டி.க்கு உரியதை மேலே வையுங்கள்.

லேப்டாப்பில் இரண்டு டிரைவ் இருந்தால் கழற்றுவது அத்தனை சுலபம் இல்லை. சில லேப்டாப்களின் பயாஸிலேயே ஒரு டிரைவைத் தற்காலிகமாக முடக்கும் வசதி இருக்கும். இல்லையென்றால் பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வாரண்டி இருந்தால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் திறப்பது நல்லது. கடையில் அசெம்பிள் செய்து வாங்குபவர்களுக்கு இன்னும் சுலபம். "அண்ணே, விண்டோஸ் போடும்போது எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க்கை அப்புறம் மாட்டுங்க" என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்த கடைக்காரர் சிரித்துக்கொண்டே செய்வார்.

ஏற்கெனவே இரண்டு டிரைவோடு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இப்போதே ஒருமுறை பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறந்திடுங்கள். கீழ்ப்பகுதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கட்டங்களாகத் தெரியும். சி டிரைவ் எந்த வரிசையில் இருக்கிறதோ, அதே வரிசையில் ஈ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை இல்லை. வேறு டிஸ்க்கில் மட்டும் இருந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றவோ பார்மட் செய்யவோ வேண்டாம். விவரம் தெரிந்தவர் ஒருவர், விண்டோஸை மறுபடி போடாமலேயே, சி டிரைவ் உள்ள டிஸ்க்கில் ஒரு சிறிய பார்ட்டிஷன் உருவாக்கி பூட் பைல்களை அங்கே எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு தமாஷ் என்னவென்றால், பூட் பைல்கள் இருக்கும் பார்ட்டிஷனை மைக்ரோசாப்ட் சிஸ்டம் என்று அழைக்கும்; விண்டோஸ் சிஸ்டம் பைல்கள் இருக்கும் பார்ட்டிஷனை பூட் என்று அழைக்கும். நான் தலைகீழாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், அவர்கள் வைத்த பெயர்தான்.

விண்டோஸ் 11 போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாப்ட் அக்கவுண்டுடன் புதிதாக நிறுவும்போது பல கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. உள்ளே இருக்கும் இரண்டாவது டிரைவும் அதில் பூட்டப்படலாம். பிறகு ஒருநாள் அந்த டிரைவை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள்.

டி டிரைவ் பத்திரமானது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த எழுத்துகள் வெறும் பெயர்ப்பலகைதான். ஒரே டிஸ்க்கில் சி, டி என்று பிரித்திருந்தால், டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு டிஸ்க் இருந்தாலும் ஒரே கேபினட்டில் இருந்தால் இடிக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்ததை நாங்கள் பார்த்தோம். தரையில் வைத்த கேபினட்டுக்குள் இருந்தவை அவ்வளவுதான். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து, மேல் அலமாரியில் வையுங்கள்.

அண்ணனின் கம்ப்யூட்டரை அடுத்த ஞாயிறு மறுபடி சரி செய்தேன். எஸ்.எஸ்.டி. மட்டும் இருக்க விண்டோஸ் போட்டோம். கேபிளைக் கழற்றியது மருமகன்; இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கழற்றினான். இப்போது அண்ணன் படம் எடுத்த மறுநாளே வாடிக்கையாளருக்கு ஒரு பென்டிரைவில் முழுவதையும் போட்டுக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக நோட்டில் கையெழுத்து வாங்குகிறார். பட்டாபிராம் வீட்டுக்கு அந்த முந்நூறு படங்களிலிருந்து ஒரு சிறிய ஆல்பம் செய்து கொடுத்தார். மீட்புச் செலவுக்கு என்று என்னிடம் காசு கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை, ஆல்பம் பிரிண்ட் போட்ட செலவில் பாதியை நான் கொடுத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டார்.